பத்துக் கிலோமீட்டருக்கு ஓர் உருண்டை

நீங்கள் எழுந்திருக்க வேண்டாம்மா. ஜன்னல் ஓரம் உங்களுக்கே இருக்கட்டும். நான் கையை நீட்டும்போது மட்டும் தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்துக்கொண்டால் போதும். மூன்று தடவை நீட்டுவேன். அதிகம் போனால் நாலு.

வேப்பங்குளமா? கடைசி ஸ்டாப். நல்லது. நானும் கடைசி வரைக்கும்தான். ஆனால் எனக்கு வேப்பங்குளத்தில் யாரும் கிடையாது.

இந்தத் தூக்குச் சட்டியில் இருப்பது உருண்டை. பதினாறு. பயப்படாதீர்கள், விற்க வரவில்லை. என் வீட்டுக்காரருக்கு. அவர் பஸ்ஸில் இல்லை, முன்னால் சைக்கிளில் போய்க்கொண்டிருக்கிறார். பச்சைச் சட்டை, தலையில் முட்டை ஓட்டைக் கவிழ்த்த மாதிரி ஹெல்மெட். இன்னும் ஐந்து நிமிடத்தில் நம் பஸ் அவரைப் பிடித்துவிடும். அப்புறம் ஊர்ப் பாதை பிரிகிற விலக்கில் ஆள் ஏற்ற நிற்போம், அவர் நம்மைத் தாண்டுவார். திரும்ப நாம் தாண்டுவோம். டவுன் பஸ்ஸுக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வேகம். அவர்தான் கொஞ்சம் கூட.

சிரியுங்கள், பரவாயில்லை. நீங்களாவது வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறீர்கள்.

என் வீட்டுக்காரர் பெயர் தவமணி. சிவகாசியில் ஆப்செட் பிரஸ்ஸில் முப்பத்தாறு வருஷம் மெஷின் பார்த்தார். காலண்டர். முருகனுக்கு மஞ்சள் சரியாக ஏறியிருக்கிறதா, லட்சுமிக்குச் சிவப்பு கூடிவிட்டதா என்று பார்க்கிற வேலை. அந்த மெஷின் போடுகிற சத்தத்தில் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. போன புரட்டாசியில் ஓய்வு பெற்று வீட்டோடு வந்து உட்கார்ந்தார். வீட்டில் என் தையல் மெஷின். நானும் கொஞ்சம் பேசுவேன். மொத்தத்தில் அவருக்குப் பொழுது போகாமல் இல்லை.

கார்த்திகையில் சுகர் என்று தெரிந்தது. டாக்டர், நடங்கள், இல்லை சைக்கிள் ஓட்டுங்கள் என்றார். ஓசூரில் இருக்கிற மகன் கியர் வைத்த சைக்கிள் ஒன்று வாங்கி அனுப்பினான். முதல் நாள் போய்விட்டு வந்தவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. புது மாப்பிள்ளை தோற்றான். "கனி, ஊரைத் தாண்டிட்டா ஒரு சத்தம் கிடையாது தெரியுமா. எனக்கு வேண்டியது இதுதான், சத்தமில்லாம கொஞ்ச நேரம்" என்றார். மறுநாள் விடிவதற்குள் எழுந்து செயினுக்குத் தேங்காய் எண்ணெய் போட்டு வைத்தேன். அவருக்கு ஒன்று வேண்டும் என்று வாயைத் திறந்து கேட்டதே அபூர்வம்.

அதோ, அதோ பச்சை. கொஞ்சம் சாயுங்கள். "ஏங்க. ஏங்க, இந்தாங்க."

போய்விட்டது. டிரைவருக்கு எங்கேதான் அவசரமோ. நான் கூப்பிடும்போது குனிந்து பெடலைப் பார்த்தார், கவனித்தீர்களா? ஹெல்மெட் போட்டால் காது அடைத்துவிடும், பாவம்.

எங்கே விட்டேன்? நாலாவது வாரம். ஒன்பது மணிக்கு வரவேண்டியவர் பத்தரைக்கு லாரியில் வந்து இறங்குகிறார், சைக்கிளோடு. லாரிக்காரர் சொல்கிறார், "அக்கா, ஐயா பாலத்தடியில மயங்கிக் கெடந்தார்க்கா, நல்லவேளை நான் பாத்தேன்." இவர் என்னடாவென்றால், "மயங்கலை, படுத்திருந்தேன்" என்கிறார். "எதுக்குப் படுத்தீங்க?" "சும்மா." "சும்மா யாராவது பாலத்தடியில படுப்பாங்களா?" லாரிக்காரர் எழுப்பியதில் அவருக்குக் கோபம்கூட. நான் ஒன்று கேட்கிறேன் உங்களை. மயங்கினவருக்கு, தான் மயங்கினது எப்படித் தெரியும்?

சுகர் இறங்கிவிட்டது. வேறென்ன. சைக்கிள் மிதித்தால் சுகர் இறங்கும், டாக்டரே சொன்னார். இறங்குகிறதை எங்கே நிறுத்துவது என்று அவர் சொல்லவில்லை. அதை நான்தானே பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் மாமியாருடைய தம்பி, சுகர்காரர், வயலில் சாய்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. மாலை வரைக்கும் தூங்குகிறார் என்றே நினைத்திருக்கிறார்கள். அதிலிருந்து ஒரு ஆம்பளை வெளியில் படுத்திருந்தால் மூச்சு இருக்கிறதா என்று பார்க்காமல் தாண்டிப் போக மாட்டேன். அதனால் முடிவு பண்ணினேன். பத்துக் கிலோமீட்டருக்கு ஒரு தடவை அவர் வாயில் ஏதாவது விழுந்தாக வேண்டும்.

ஆனால் எது? அங்கேதான் என் பாடு ஆரம்பித்தது.

பிரஸ் பையன்கள் அஞ்சாறு பேர் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் ஓட்டுவார்கள். இவரையும் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சைக்கிளுக்கென்றே விற்கிற ஒரு கட்டி தின்கிறார்கள். விரல் நீளம், தங்கத்தாள் சுற்றியது. விலை அறுபது ரூபாய். அதற்கு ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி மிச்சக் காசில் பூவும் வைத்துக்கொள்ளலாம். உறையில் பலம் இவ்வளவு என்று எண் போட்டிருக்கிறது. அந்த மாதிரி எண்களை நான் நம்புவதில்லை. அச்சாபீஸ்காரரோடு குடித்தனம் நடத்துகிறவள் நான்.

என்னிடம் தையல் மெஷின் இருக்கிறது. கால் மிதி. யோசித்துப் பாருங்கள், சைக்கிளும் மிதிப்பதுதான், இதுவும் மிதிப்பதுதான். காலையில் வெறும் வயிற்றோடு உட்காருவேன். ஒரு பண்டத்தைத் தின்பேன். கால் ஓய்ந்துபோகிற வரைக்கும் சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பேன். எத்தனை ஃபால்ஸோ அத்தனை பலம். சுத்தமான கணக்கு, யாரும் குறை சொல்ல முடியாது.

அறுபது ரூபாய்க் கட்டி, முழுதாக ஒரு ஃபால்ஸ். அவ்வளவுதான்.

வாழைப்பழம் இரண்டரை. விலையும் ஒன்றுமில்லை. ஆனால் அந்தச் சட்டைக்குப் பாக்கெட் முதுகில் இருக்கிறது. யார் முதுகில் பாக்கெட் வைத்துத் தைத்தார்களோ, என்னிடம் தையல் பழகியிருந்தால் விரலில் அடித்திருப்பேன். வீட்டுக்கு வரும்போது பழம் சட்டைக்கு வெளியே, தோல் மட்டும் பாக்கெட்டுக்குள்ளே. முதுகெல்லாம் எறும்பு.

அவித்த கடலை நாலு. ஆனால் உரிக்க இரண்டு கை வேண்டும். இரண்டு கையையும் விட்டுவிட்டு உரித்துப் பார்த்திருக்கிறார் மனுஷன். வேலிக்கருவை முள்ளுக்குள்ளிருந்து மூன்று பேர் வெளியே எடுத்தார்கள். சேவு ஒன்றரை, அதிலும் தண்ணீர் குடிக்க எழுந்த நேரத்தைக் கழிக்க வேண்டும். கடலை மிட்டாய் ஐந்து. வெயிலில் இளகிப் பாக்கெட்டோடு பாக்கெட்டாக ஒட்டிவிட்டது, துணியோடு சேர்த்துத்தான் தின்ன முடியும். பொரி அரை. பொரி என்பது காற்று. காற்றைத் தின்றுவிட்டு எதிர்க்காற்றில் போக முடியாதும்மா.

பொருவிளங்காய் என்று ஒரு உருண்டை உண்டு, உங்கள் ஊரில் செய்வார்களா? பதினொரு ஃபால்ஸ். சத்தியமாக. தின்றால் நெஞ்சுக்குள் ஒரு பாறை இறங்கி உட்கார்ந்த மாதிரி இருக்கும், சாயங்காலம் வரைக்கும் அசையாது. ஆனால் கடிக்க முடியாது. மைல்கல்லில் வைத்து இன்னொரு கல்லால் உடைத்திருக்கிறார். அதற்கும் உடையாமல் வாயில் போட்டதில் கடைவாய்ப் பல்லுக்குப் போட்டிருந்த தொப்பி போயிற்று. அதன் விலையைச் சேர்த்தால் அது மலிவுப் பண்டம் இல்லை.

கடைசியில் நானே கண்டுபிடித்தேன். பொரிகடலை, வறுத்த வேர்க்கடலை, எள், கருப்பட்டி. உரலில் இடித்து நெல்லிக்காய் அளவு உருட்டினால் ஒரு கன்னத்தில் அடங்கும். தோல் இல்லை, கொட்டை இல்லை, இளகாது, பறக்காது, ஒரு கை போதும். ஓர் உருண்டைக்கு இரண்டு ரூபாய்கூட ஆகாது. ஏழு ஃபால்ஸ். அன்றைக்கு எனக்கு அழுகை வந்துவிட்டது. அதற்குள் எங்கள் தெருவில் ஃபால்ஸ் இல்லாத சேலையே கிடையாது. கடைசி இரண்டு நாள் வேட்டிக்கெல்லாம் அடித்தேன். அவருடைய வேட்டி இரண்டு இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது. பிரித்துவிடச் சொன்னார். காற்றில் தூக்காது, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

என்ன? சுகர்காரருக்குக் கருப்பட்டியா என்றுதானே கேட்கிறீர்கள். எல்லோரும் கேட்பார்கள். மூன்று மாதமாக அவருடைய சுகர் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நின்ற இடத்தில் நிற்கிறது. டாக்டரே ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்த மாதிரி ஒரு கேஸ் பார்த்ததில்லை என்றார்.

உருண்டை கிடைத்துவிட்டது. கொடுத்தனுப்பினால் தின்கிறாரா? டப்பாவோடு கொடுப்பேன், காலி டப்பா வரும். எனக்குச் சந்தோஷம். பிறகு ஒருநாள் நிறைகுளம் விலக்கில் ஒரு நாயைப் பார்த்தேன். கன்றுக்குட்டி மாதிரி. அவருடைய மணிச் சத்தம் கேட்டதும் எழுந்து ஓடிவருகிறது. அந்த நாய்க்கு அவர்மேல் அப்படி ஒரு பிரியம். ஆனால் அவர் கையில் டப்பா இருந்தது, வாயில் ஒன்றும் இல்லை. அன்றைக்கு முடிவு செய்தேன், கண்ணால் பார்த்துக் கொடுத்தால்தான் உண்டு என்று.

நல்லவேளை, பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை. இந்த உருண்டையை எங்கள் அடுப்படியிலிருந்து அவர் கை வரைக்கும் கொண்டுபோக ஒரு பைசா செலவில்லை. அந்த அறுபது ரூபாய்க் கட்டி எந்த ஊரிலிருந்து எந்த லாரியில் வருகிறதோ. நம்முடையது மடியில் வருகிறது.

இதோ விலக்கு. நிற்கட்டும், வருவார்.

எங்கே காணோம்?

ஓ, அந்தப் பனைக்குப் பின்னால் நிற்கிறார். பனைக்கு இந்தப் பக்கம் முன்சக்கரம், அந்தப் பக்கம் பின்சக்கரம். வெயில் தாங்கவில்லை போலிருக்கிறது. கண்டக்டர் தம்பி, ரெண்டு நிமிஷம். "எக்கா, போன ட்ரிப்புல ஒங்களால ஏழு நிமிஷம் லேட். டிப்போவுல என்னன்னு எழுதுவேன், உருண்டைன்னா எழுதுவேன்?" கேட்டீர்களா பேச்சை. வாரம் இரண்டு உருண்டை வாங்கித் தின்கிற வாய்தான் அது.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு விலக்கிலும் இறங்கித் தூக்கோடு நிற்பேன். பிரஸ் பையன்களுக்கும் கொடுப்பேன். "ஆச்சி கடை வந்திருச்சுடா" என்று நிற்பார்கள். இரண்டு மணி நேரத்தில் முடிகிற பயணம் ஐந்து மணி நேரம் ஆயிற்று. ஒரு பையனுக்கு, இவருடையது மாதிரியே ஒரு பச்சைச் சட்டை, போடும்போதே தையல் விட்டது, நான்தான் பிரித்துத் தைத்தேன். நாலு வாரம் கழித்து, வெயில் காலம், சைக்கிளை நிறுத்திவிட்டோம் என்று இவரிடம் சொல்லிவிட்டார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் வெயிலுக்கு அப்படிப் பயப்படுகிறார்கள். ஆனால் ஞாயிறு காலை அஞ்சு மணிக்கு எங்கள் தெருமுனையில் அவர்களைப் பார்த்தேனே, மணி அடிக்காமல் போனார்கள். யாருக்கும் தொந்தரவு கூடாது என்கிற எண்ணம்.

இவர் தனியாகப் போக ஆரம்பித்தார். இருபது போனவர் நாற்பது, நாற்பது போனவர் அறுபது. உருண்டையின் பலம், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அறுபதுக்கு டவுன் பஸ் கிடையாது. வேப்பங்குளத்தோடு சரி. அதற்கு அப்பால் அவர் எங்கே போகிறார், எங்கே உட்காருகிறார், எனக்குத் தெரியாது. பஸ் திரும்புகிற இடத்தில் நின்றுகொண்டு பார்ப்பேன். சின்னதாகிக்கொண்டே போவார். பச்சைச் சட்டை, பச்சைப் புள்ளி, பிறகு ரோடு மட்டும்.

எட்டு நாள் முன்னால் ஒன்று சொன்னார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு, "கனி, இனிமே என் பின்னால வராத" என்றார். நான் எங்கேம்மா பின்னால் போனேன்? பஸ்ஸில் முன்னால் அல்லவா போகிறேன்? அதைச் சொன்னேன். எழுந்து கை கழுவப் போய்விட்டார். அன்றிலிருந்து பேச்சு இல்லை. தட்டு வைத்தால் சாப்பிடுகிறார். டப்பா கொடுத்தால் வாங்கி, அலமாரியில் வைத்துவிட்டுப் போகிறார். எட்டு நாளாகப் பத்துக் கிலோமீட்டருக்கு ஒன்றுகூட இல்லாமல் வெறும் வயிற்றோடு மிதிக்கிறார். எட்டு நாளாக எனக்குப் போன் மணி அடித்தால் லாரிக்காரர்தான் என்று தோன்றுகிறது.

இன்றைக்கு எப்படியாவது அவர் வாயில் ஒன்று போய் நான் பார்த்தாக வேண்டும்.

ஏன் நிற்கிறது? கேட் அடைப்பா? ரயில்வே கேட்டா போட்டிருக்கிறார்கள்? அப்படியென்றால் அவரும் நின்றுதானே ஆகவேண்டும். கூட்ஸ் வண்டி என்றால் பத்து நிமிடம். வருகிறார். வருகிறார் பாருங்கள், பஸ்ஸுக்கும் அந்த டிராக்டருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார். உங்கள் ஜன்னலுக்கு நேர் கீழே. சாயுங்கள்.

"ஏங்க."

"கனி, எத்தனை தடவதான் சொல்றது."

"ஒண்ணே ஒண்ணு. என் கண்ணு முன்னால."

"எனக்குப் பசிக்கலை."

"பசிக்காதுங்க. மயங்குறவங்களுக்குப் பசிக்காது."

"அன்னைக்கு நான் மயங்கலைன்னு ஒனக்கு எப்பிடிச் சொன்னாப் புரியும்? படுத்திருந்தேன். காத்து வந்துச்சு. படுத்திருந்தேன்."

பஸ்ஸே திரும்பிப் பார்க்கிறது, பார்க்கட்டும். எனக்கு என்ன. டிராக்டர்காரர்கூட இன்ஜினை அணைத்துவிட்டார்.

"சரி, இந்தா பாரு. ஒண்ணு திங்கறேன். தின்னா எறங்கி வீட்டுக்குப் போயிருவியா? தினமும். பஸ்ல ஏறவே மாட்டியா?"

என்ன சொல்வது இதற்கு? நீங்களே சொல்லுங்கள். ஒன்று எதற்குக் காணும்?

"பத்து."

"பத்தா? நான் என்ன ஆனையா?"

"அறுபது போறீங்க, திரும்பி அறுபது வர்றீங்க. பன்னெண்டு கேட்டிருக்கணும்."

"ரெண்டு."

பின்சீட்டில் அந்தக் கோழிக்கூடை அம்மா என்னிடம் சொல்கிறது, "எட்டுன்னு சொல்லுக்கா, ஆறுக்கு வருவாரு." கண்டக்டர் இறங்கியே போய்விட்டார். "அண்ணாச்சி, நாலுல முடிச்சிருங்க. கேட் தொறந்துரும். எக்கா, நாலு, சரின்னு சொல்லுங்க. நாலு உருண்டை, அக்கா வீட்டுக்கு. பஸ்ஸு சாட்சி."

நாலு. நாலு ஏழு இருபத்தெட்டு. போகிற வழிக்குக் காணும். வருகிற வழிக்கு?

சரி. சரி என்று சொல்லிவிட்டேன். இந்தாங்க, நீங்களே எடுத்துக் கொடுங்கள், என் கை எட்டவில்லை.

ஒன்று. மெல்லுகிறாரா? கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு அப்புறம் துப்புவார், பாருங்கள். "முழுங்குங்க. வாயைத் திறங்க." ஆ காட்டுகிறார். இரண்டு. ரயில் வருகிறது. மூன்று. கண்ணை மூடிக்கொண்டு மெல்லுகிறார். கூட்ஸ்தான், எத்தனை பெட்டியோ, இந்தச் சத்தம் அவருக்குப் பிடிக்காது. நாலு. நாலும் போய்விட்டது. என்னவோ சொல்கிறார். "என்னங்க? கேக்கலை."

ரயிலில் ஒன்றும் கேட்கவில்லை. வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது. உங்களுக்குக் கேட்டதாம்மா? கீழேதானே நின்றார்.

"வந்துருவேன்" என்றா? அப்படியேவா? "வந்துருவேன்" என்றுதான் சொன்னாரா, இல்லை நீங்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறீர்களா?

சரி. சரி.

கேட் திறந்துவிட்டது. பாருங்கள், நேரே போகவில்லை. இடது பக்கம் கண்மாய்க்கரையில் இறங்குகிறார். அந்தக் கரை எந்த ஊருக்கும் போகாதும்மா. எனக்குத் தெரியும். மடையோடு முடிந்துவிடும். அங்கே ஒரு மரம், கொஞ்சம் தண்ணீர், வேறொன்றும் கிடையாது. அறுபது என்று சொல்லிக்கொண்டு இங்கேதான் வருகிறார் போலிருக்கிறது. அறுபது இல்லை, பதினாலு. நான் பஸ் திரும்புகிற இடத்தில் நின்று பார்த்தபோதெல்லாம், என் கண்ணுக்காகக் கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பியிருக்கிறார்.

தம்பி, அடுத்த விலக்கில் எனக்கு விசில் கொடுங்க. ஆமாம், இறங்குகிறேன். பஸ்ஸையே சாட்சி வைத்தாயிற்றே. எதிர்ப்பக்கம் சிவகாசி பஸ் வரும்.

இந்தத் தூக்கு உங்களிடம் இருக்கட்டும். பன்னிரண்டு இருக்கிறது. நீங்களும் தின்னுங்கள், வீட்டுக்கும் கொடுங்கள். நன்றாக மென்று தின்னுங்கள். தூக்கைக் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டால் என்னிடம் வந்துவிடும்.

ஒரே ஒரு உதவிம்மா. அந்தக் கரை இன்னும் இரண்டு ஸ்டாப் வரைக்கும் பஸ்ஸோடு கூடவே வரும், உங்கள் பக்கம்தான். மரத்தடியில் பச்சையாகத் தெரிவார். உட்கார்ந்திருந்தால் ஒன்றுமில்லை. படுத்திருந்தால் பதறாதீர்கள், கால் அசைகிறதா என்று மட்டும் பாருங்கள். சும்மா படுத்திருக்கும்போது அவருக்கு இடது கால் ஆடும். தாளம் போடுகிற மாதிரி. கல்யாணமான புதிதில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன், தூங்கிவிட்டாரா இல்லையா என்று தெரிந்துகொள்ள.

ஆடவில்லையென்றால், இந்தத் துண்டுச் சீட்டில் என் நம்பர் இருக்கிறது, உடனே கூப்பிடுங்கள்.

ஆடினால், ஜன்னலைத் தட்டிவிடாதீர்கள், கையையும் ஆட்டிவிடாதீர்கள். பார்க்காத மாதிரி போய்விடுங்கள்.